உறக்கத்தில் ஒடுங்கும் கருவிகள்



ஆன்மா நாள்தோறும் சாக்கிரத்தினின்று நீங்கிச் சொப்பனத்தையும் சுழுத்தியையும் எய்தி மீளச் சாக்கிரத்திற்கு வருகின்றது. அங்ஙனம் போதற்கும் வருதற்கும் காரணம் கருவிகள் கூடுதலும் குறைதலுமேயன்றிப் பிறிதில்லை என்பது நம் சாத்திரங்களின் துணிபு. சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் இப்பொருளையே எடுத்துக்கொண்டு நிறுவுகின்றது. இக்காலத்து மருத்துவ நூலாரோ உறக்கத்தையும் விழிப்பையும் மூளையின்கண் ஊறும் சில இரசாயனப் பொருள்களின் ஏற்றத்தாழ்வாகக் கண்டு உரைக்கின்றனர். அதனைக் கேட்ட அன்பர் சிலர், “இரசாயனம் மாற அறிவும் மாறுமாயின் ஆன்மா என்று ஒன்று வேண்டப்படுவது எற்றிற்கு?” என வினவுகின்றனர். வேலூர், ஆம்பூர்ப் பக்கங்களில் இவ்வினா எழுதல் இயல்பே. மூளைக்கு அறுவை மருத்துவம் செய்தற்கென இந்நாட்டில் முதற்கண் ஒரு துறை தோன்றியது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில். டாக்டர் ஜேக்கப் சாண்டி அதனை 1949-ல் தொடங்கினார். தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தவர் மருந்தாலும் அறுவையாலும் நினைவு பெற்று எழுதலை அவ்வூரார் எழுபதாண்டிற்கு மேலாகக் கண்டு வருகின்றனர். கண்டதைக் கொண்டு வினவுவாரைக் காணாததைச் சொல்லி வாயடைத்தல் முறையன்று. ஆதலின் முதற்கண் மருத்துவ நூலார் கூறுவதனைக் கேட்போம்.

மூளையிலுள்ள நரம்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பனவல்ல. இடையே மிக நுண்ணிய வெளி உண்டு. ஓரணு ஒரு பொருளைக் கசியவிட, அடுத்த அணு அதனை ஏற்றுத் தொழிற்படும். இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு நம் பொருளுக்கு மிக அணித்தானது. ஆஸ்திரியா நாட்டுக் கிராட்சு நகரில் ஆசிரியராயிருந்த ஆட்டோ லோவி என்பார் ஓரிரவு உறக்கத்தில் ஒரு சோதனை முறையைக் கனவாகக் கண்டு, விழித்து ஒரு தாளிற் கிறுக்கிவிட்டு மீண்டும் உறங்கினார். காலையில் அவ்வெழுத்தை அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணியளவில் அக்கனவே மீண்டும் வர, இம்முறை தாளை நம்பாமல் நேரே சோதனைச் சாலைக்குச் சென்றார். ஒரு தவளையின் இதயத்தை அதன் நரம்பைத் தூண்டித் தளரச் செய்து, அவ்விதயத்திலிருந்த நீரை எடுத்து மற்றொரு தவளையின் இதயத்தில் விட, அதுவும் தளர்ந்தது. நரம்பு பேசும் மொழி இரசாயனமே என்பது அதனால் விளங்கிற்று. 1921-ல் வெளியான இவ்வாராய்ச்சிக்காக 1936-ல் ஹென்றி டேல் என்பாரோடு அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்நீரிலிருந்த பொருளே அசிட்டைல்கோலின் எனப் பின்னர்த் தெளியப்பட்டது. கனவு மிகும் உறக்கத்தில் மூளையிற் பெருகி நிற்பதும் இதுவேயாம். கனவிற் கண்டறிந்த பொருள் கனவிற்கே கருவியாயிருத்தல் வியப்பன்றோ?

இனி, விழிப்பின்கண் இவ்வசிட்டைல்கோலினோடு நார்-அட்ரினலின், செரட்டோனின், ஹிஸ்டமின் என்பனவும் மூளைத்தண்டினின்றும் அதன் மேலுள்ள பகுதியினின்றும் ஊறி மூளை முழுதும் பரந்து நிற்கும். சளிக்கும் அரிப்புக்கும் உண்ணும் மாத்திரைகளிற் பல உறக்கம் தருதல் யாவரும் அறிந்தது. அவை ஹிஸ்டமினின் தொழிலைத் தடுப்பனவாதலின் அது நிகழ்கின்றது. இவையெல்லாவற்றையும் தளராமற் பிடித்து நிறுத்துவது ஒரெக்சின் என்னும் பொருள். 1998-ல் அறியப்பட்ட இதனை ஊறச்செய்யும் அணுக்கள் மனித மூளையில் ஓரிலக்கத்திற்கும் குறைவே. அவை அழிந்தொழிந்தார்க்குப் பேசிக்கொண்டிருக்கும்பொழுதே உறக்கம் மேலிடும். விழித்திருக்கையிலேயே கனவு புகும். நகைக்குங்கால் உடல் தளர்ந்து விழும்.

விழித்திருந்து உழைக்க உழைக்க அடினோசின் என்பது மூளையில் மிகுந்து உறக்கத்தை வேண்டிநிற்கும். காப்பியும் தேநீரும் செய்வது அவ்வடினோசின் சென்று பொருந்தும் இடத்தைத் தாம் அடைத்துக் கோடலே. கடன் தீர்வதில்லை, கடன்காரன் குரல் கேளாதபடி கதவு சாத்தப்படுகின்றது, அவ்வளவே. பின்னர் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஓர் அணுக்கூட்டம் காபா என்னும் அடக்கும் பொருளைச் செலுத்த, விழிப்புப் பொருள்கள் யாவும் தணிந்து ஆழ்ந்த உறக்கம் வரும். ஏறத்தாழ 90 நிமிடத்திற்கு ஒருமுறை இந்நிலை மாறிக் கனவு நிலை எழும். அப்பொழுது அசிட்டைல்கோலின் விழிப்பிற்போலவே பெருகும். நார்-அட்ரினலினும் செரட்டோனினும் முற்றும் அடங்கிவிடும். கை கால்களை இயக்கும் நரம்புகள் கட்டுண்டு கிடக்கும். கண்ணின் அசைவும் மூச்சும் மட்டும் கட்டுப்படா. கண்ணசைவைக் கொண்டு இந்நிலையைச் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்னும் இருவர் 1953-ல் கண்டனர்.

இவற்றைக் கேட்ட சித்தாந்த மாணவன் நெஞ்சில் நம் நூல்களின் கணக்குத் தானே வந்து நிற்கும். சாக்கிரத்தில் கருவிகள் முப்பத்தைந்து. ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் கழியச் சொப்பனத்தில் இருபத்தைந்து. சுழுத்தியில் சித்தமும் பிராணனும் புருடனுமாக மூன்று. துரியத்தில் பிராணனும் புருடனுமாக இரண்டு. துரியாதீதத்திற் புருடன் ஒன்றே. கனவில் வெளிக் கண்ணும் செவியும் கையும் காலும் கழன்று நிற்க, ஓசை ஊறு முதலிய புலன்களும் அந்தக்கரணமும் நின்று தொழிற்படும் என்று நம்மவர் வகுத்ததும், கை கால் கட்டுண்டு மூளை மட்டும் விழிப்பிற்போலக் கிளர்ந்து நிற்கும் என்று இவர் அளந்ததும் ஒத்து வருதல் மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் இவ்வொற்றுமையைக் கண்ட அளவில் நம்மவருட் சிலர், “இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே” என்று மார்தட்டப் புகுவர். அது வேண்டா. முன்னோர் அடினோசினை அறிந்திலர்; அறிய முயன்றதும் இல்லை. அவர் எண்ணியது கருவிகளை; காலத்தை அன்று. மருத்துவ நூலார் ஆழ்ந்த உறக்கம் முன்னும் கனவு பின்னுமாக ஓரிரவில் நான்கைந்து முறை மாறிமாறி வரும் என்பர். நாமோ கருவி குறையும் முறையிற் சொப்பனத்தை முன்னும் சுழுத்தியைப் பின்னும் வைத்தோம். இரண்டும் இருவேறு அளவுகோல்கள். இன்னும் சிலர், சாக்கிரத்திற்கு இடம் புருவநடு என்று நூல்கள் கூறுதலைப் பற்றிக்கொண்டு, மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பியே அது எனவும், நெற்றிக்கண் எனவும் எழுதுகின்றனர். அச்சுரப்பி ஊறச்செய்வது மெலட்டோனின். 1958-ல் அறியப்பட்ட அப்பொருள் இருளிற் பெருகி ஒளியில் ஒடுங்கி உடம்பிற்கு இரவு வந்ததென அறிவிப்பது. இரவின் முரசறைவோனைச் சாக்கிரத்தின் அரியணையில் ஏற்றுதல் பொருந்துமாறு யாங்ஙனம்?

இனித் தலையாய வினாவிற்கு வருவோம். உலகாயதன் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவழிச் சிவப்புத் தோன்றுமாறுபோலப் பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும் என்பான். ஆம்பூர்க்காரராயின், குரோமிய உப்புக் கலந்த நீரிற் புரண்ட தோல் நீலம் பெறுமாறுபோல என்று எளிதில் உவமை கூறுவர். அறிவு மூளை நீரில் ஊறிய நிறம் என்பது அவர் கருத்து. இதற்கு நாம், “உறங்கி எழுந்தவன் ‘நான் ஒன்றும் அறியாது உறங்கினேன்’ என்று சொல்லுகின்றான், நேற்று விழித்திருந்தவனும் இடையே உறங்கினவனும் இன்று எழுந்தவனும் ஒருவனே என்று அவன் அறிதலின் ஆன்மா உண்டு” என விடை கூறுவது வழக்கம். இவ்விடை மட்டும் போதாது என்பது எம் கருத்து. நேற்றைய நினைவு மூளையின் அமைப்பிற் பதிந்து கிடந்தது, அதுவே இன்று எழுந்தது என்று மருத்துவ நூலார் மறுப்பர். அப்பதிவு உண்டென்பது மெய்யும் ஆம்.

வலிமை மிக்க விடை மூன்றாஞ் சூத்திரத்தின் வழியது. ஐம்புலனும் ஒன்றை ஒன்று அறியா. ஐந்தையும் அறிபவன் ஒருவன் வேண்டும் என்று அங்கே நிறுவப்பட்டது. அம்முறையையே ஈண்டும் ஏற்றுக. அசிட்டைல்கோலின் நார்-அட்ரினலினை அறியாது. ஒரெக்சின் தான் காக்கும் விழிப்பைத் தான் காணாது. நினைவின் பதிவு தன்னைத் தான் படியாது. ஏட்டில் எழுத்திருத்தலால் ஏடே படிக்கின்றது என்பார் யார்? இவையெல்லாம் எவனுக்கு விழிப்பாயும் கனவாயும் உறக்கமாயும் வந்து போகின்றனவோ அவன் இவற்றுள் ஒன்றல்லன். அச்சூத்திரத்திலேயே உறக்கத்தைக் கொண்டு கூறப்பட்ட ஏதுவும் ஒன்று உண்டு. உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கவும் நுகர்ச்சியும் செயலும் இல்லாமையால் மூச்சு ஆன்மாவன்று என்பதே அது. பிராணனை ஆன்மா என்பார்க்குச் சொன்ன அவ்விடை, ஊறும் பொருளை ஆன்மா என்பார்க்கும் விடையாதலை நுணுகி உணர்க.

மற்று, இவ்வாராய்ச்சியால் இடர்ப்பட வேண்டுவோர் நாமல்லேம். ஆன்மா தானே ஒளியாய் எதனையும் சாராது அறியும் என்று கொண்டார்க்கே இது இடர். சிறிது மருந்து நரம்பிற் சென்ற அளவில் அவ்வொளி எங்கே போயிற்று என்று அவர் சொல்லக் கடவர். நம் கொள்கையோ ஆன்மா அநாதியே ஆணவத்தால் மறைப்புண்டது, கருவி கூடினாலன்றி ஒன்றையும் அறியமாட்டாது என்பது. கருவி கழலக் கழல இருள் மிகும் என்று நாம் சொல்லியவண்ணமே அவர் அளந்து காட்டுகின்றனர். கீழாலவத்தையில் துரியமும் அதீதமும் எய்தினும் அது கேவல இருளேயன்றி வீடன்று என நம் நூல்கள் விலக்கியதும் இதனாலேயே. டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் என்பார் சமாதியிலிருந்த யோகியரின் மூளை மின்னலையை அளந்து 1961-ல் வெளியிட்டனர். புறத்தே செய்த ஒலி முதலியவற்றால் அவ்வலை கலையவில்லை. கருவி ஒடுங்கியதனை அக்கருவி அளந்தது. அங்கே திருவருள் பதிந்ததோ, வெறும் ஒடுக்கமோ என்பதனை அளக்க அதற்கு இயலாது. அளந்ததாக அவர் கூறவும் இல்லை.

சிவஞானசித்தியார் ஓர் உவமை கூறும். உலாப் போந்து மீளும் அரசன் தன் படையையும் பரிவாரத்தையும் வாயில்தோறும் நிறுத்திக் காவலும் வைத்து, இறுதியில் அந்தப்புரத்திற்குத் தனியே புகுவான். அதுபோல ஆன்மா பிராணனை உடம்பிற்குக் காவலாக வைத்து உள்ளே ஒடுங்கும் என்பது கருத்து. உறங்குவான் பிழைத்து எழுதல் அக்காவலன் விழித்திருத்தலாலேயே. மூளைத்தண்டிலுள்ள மூச்சு நிலையமே அக்காவலனுக்கு உடம்பில் அமைந்த இருக்கை எனலாம்.

இவ்வுவமையை நெஞ்சிற் கொண்டு பாலாற்றங்கரைக்கு வருக. ஆவாரம்பட்டையிட்டுத் தோல் பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்பும் இயந்திரமும் வந்தன. தோலின் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பர். அந்நீரில் அமிலம் கலந்தாலும், கழிவு சேறாய்த் தேங்கி அழுகினாலும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு எழும். சிறிதளவில் அழுகிய முட்டை நாறும். காற்றிற் பத்திலக்கத்தில் நூறு பங்களவு ஆயின் மூக்கு அதனை உணரும் ஆற்றலை இழக்கும். நாற்றம் நின்றதென்று எண்ணியவன் மேலும் இறங்குவான். மிகுந்தபோது அது முதலிற் சென்று தாக்குவனவற்றுள் ஒன்று அம்மூச்சு நிலையம். கழிவுத் தொட்டியுள் இறங்கிய தொழிலாளர் இவ்வாயுவால் மாண்ட செய்தி இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. அரசன் உள்ளே துயிலக் கடைவாயிற் காவலனையே வீழ்த்தும் பகை இது. உறங்குவானை ஒலி எழுப்புமாறுபோல நாற்றம் எழுப்பாது என்பதனையும் உடன் எண்ணுக.

2015-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் விடியற்கு முன், அந்நாளில் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இராணிப்பேட்டையின் சிப்காட் பகுதியில், தோல் தொழிற்சாலைகளின் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு அயலிலிருந்த தொழிற்சாலையுட் பாய, அங்கே தங்கி உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் உயிரிழந்தனர். அவருட் பெரும்பாலோர் பிழைப்பு நாடி மேற்கு வங்கத்தினின்று வந்தவர். வேலை செய்த இடத்திலேயே படுத்துறங்கியவர் அவர். “அவரவர் வினை” என்று சொல்லி இதனைக் கடந்துபோவார் நம்மிலும் உண்டு. வினைக்கொள்கை பிறர் செய்த குற்றத்திற்குத் திரையாகத் தரப்பட்டதன்று. சுவரைக் காவாது விட்டார்க்கும் அது வினையே, ஆகாமியமாய் ஏறுவதே.

ஐந்தொழிலுள் அழித்தலை நம் ஆசிரியர் இளைப்பொழித்தல் என்பர். பிறந்திறந்து உழன்ற உயிர்களுக்கு ஓய்வு தருதலே சங்காரத்தின் பயன், அதுவும் அருளே. நாள்தோறும் வரும் உறக்கம் அச்சங்காரத்தின் சிறு நிழல். பகலெல்லாம் கருவிகளைச் செலுத்தி இளைத்த உயிர்க்கு இறைவன் தரும் ஓய்வு அது. அதனைக் கூலி கொடுத்து வாங்கிவிட்டதாக எவரும் எண்ணுதல் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மெலட்டோனின் முதலியவற்றின் ஒழுங்கைக் கெடுக்கும் இரவு முறைவேலையைப் புற்றுநோய்க்கு ஏதுவாதல் கூடும் பொருள்களின் வரிசையில் 2007-ல் வைத்தது. 2019-ல் மீள ஆராய்ந்தும் அங்ஙனமே வைத்தது. இரவிற் பணிசெய்வோரே துன்புறுவர் என்பதுமில்லை. ஆம்பூரிற் செருப்புத் தைக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருட் பெண்டிர் மிகப் பலர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிக் குழந்தைக்குச் சோறு கட்டித் தொழிற்சாலைப் பேருந்தேறும் தாய்க்கு முன்னாளின் அடினோசின் தீருமுன் அந்நாள் தொடங்கிவிடுகின்றது. சாக்கிரத்திலேயே ஐந்தவத்தையும் வந்து போதலை நம் நூலார் மத்தியாலவத்தை என்பர். விழித்திருந்த எலிகளின் மூளையில் ஒரு பகுதி மட்டும் இடையிடையே உறங்கிவிடுதலை 2011-ல் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கண் திறந்திருக்கக் கருவி நழுவும் அக்கணத்தில் எதிரே இருப்பது தையல் ஊசியோ, சுழலும் இயந்திரமோ, தோலைச் சீவும் கத்தியோ என்பதே வேறுபாடு.

“அங்ஙனமாயின் சிவராத்திரியில் நான்கு யாமமும் கண்விழிக்க நாம் விதித்திருப்பது என்னை?” என்று வினவலாம். அது ஆண்டிற்கு ஓரிரவு. தானே விரும்பி ஏற்பது. மறுநாள் உறங்க இடனுள்ளது. கங்காணியின் அதட்டலுக்கு அஞ்சி விழித்தலை அதனோடு ஒப்பிடல் தகாது.

இவ்விடத்துத் திருமடங்களைச் சார்ந்த பெரியோர்க்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. பதின்மூன்று பதினான்கு வயது எய்திய சிறார்க்கு இரவில் மெலட்டோனின் ஊறத் தொடங்கும் நேரம் பின் தள்ளிப்போகும் என்பது நன்கு நிறுவப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளை வைகறை நான்கு மணிக்கு எழுப்பி நீராட்டித் திருமுறை ஓதுவித்தல் நம் வழக்கம். அதனை விட வேண்டுவதில்லை. ஆனால் இரவு பத்து மணிவரை விளக்கொளியில் அவரை வைத்திராது எட்டு மணிக்கே விளக்கணைத்துப் படுக்க விடுதல் வேண்டும். உறக்கத்திலேதான் ஓதியது நெஞ்சிற் பதிகின்றது. பிரம்பால் வாராத பதிகம் உறக்கத்தால் வருதலைக் காண்பீர்கள்.

இறுதியாக ஓரையம். உயிர் பிரியுங்கால் சிவனை நினைந்தார் நற்கதி அடைவர் என்றால், இராணிப்பேட்டையில் உறக்கத்தில் மாண்ட அப்பதின்மர்க்கு அந்நினைவிற்கு இடனில்லையே, அவர் கதி யாது? அவர் ஐந்தெழுத்தைக் கேட்டறியாதவராகவே இருந்திருத்தலும் கூடும். நினைவு என்பது சித்தத்தின் தொழில், சித்தமோ கருவி. கருவி ஒடுங்கிய பொழுதில் நினையாமை உயிரின் குற்றமாகாது. உயிர்க்கு உடம்பைக் கூட்டுவதும் பிரிப்பதும் வினையை நுகர்விப்பதும் தன் ஆணையால் இயற்றுகின்ற முதல்வன், உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்றலை இரண்டாஞ் சூத்திரமே நிறுவிவிட்டது. ஆன்மா தன்னையும் அறியாது தலைவனையும் அறியாது சுழுத்தியிற் கிடக்கும்பொழுதும் அவன் அதனை அறிந்தே நிற்கின்றான். ஆகலின் இவ்வையத்தை அவத்தையின் இயலில் வைத்து வினவுதல் இடம் மாறி வினவுதலேயாம்.